ரூபன் வண்டி கழுவுகிறான்

கேட்டைச் சாத்திய பிறகுதான் ரூபன் குழாயைத் திறந்தான். சாத்தினது மட்டுமில்லை, கொண்டியையும் போட்டான். அடுக்களை ஜன்னலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கிருபாவதி அதைப் பார்த்தாள். பால் வந்து, பேப்பர் வந்து, தெருவே நடமாடுகிற நேரத்தில் எந்த வீட்டில் கொண்டி போடுகிறார்கள். சனிக்கிழமை, பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடும், உள்ளே வந்து விழும் என்று போட்டிருப்பான். ஆமாம், பந்துதான். வண்டி வாங்கி ஒரு மாசம் முழுசாகவில்லை, வெள்ளை வெளேரென்று நிற்கிறது, அதில் ஒரு பந்து பட்டால் யாருக்கு மனசு தாங்கும். இப்படித்தான் நேற்று மத்தியானத்திலிருந்து அவளுக்குள் ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தி பதில் சொல்கிறாள். பதில் சொல்கிறவள் களைத்துப்போய்விட்டாள். கேட்கிறவளுக்கு அலுப்பே இல்லை. இந்தா பார், கையில் உறை மாட்டுகிறான் என்கிறாள் இப்போது. வண்டி கழுவ எதற்கு உறை. நீல ரப்பர் உறை, ஆஸ்பத்திரியில் நர்சுகள் போடுகிற மாதிரி. இவன் அப்பா இருந்தவரைக்கும் ஸ்கூட்டர்தான் ஓட்டினார், பழைய பனியன் ஒன்றைக் கிழித்து சீட்டுக்கு அடியில் செருகியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்புமுன் ஒரு துடை, அதோடு சரி. இவன் இரண்டு வாளி வைத்திருக்கிறான், ஒன்றில் நுரை, ஒன்றில் வெறும் தண்ணீர். ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி மயிர் வைத்த கையுறை ஒன்று. ஊதா நிறத் துணிகள். களிமண் என்று சொல்லி டப்பாவில் ஒரு கட்டி. வரிசையாகப் பாட்டில்கள், எல்லாவற்றின் மேலும் இங்கிலீஷ். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்தைக் கூட்டி வாசித்துவிடுவாள், அர்த்தம்தான் கூட வராது. நேற்றுச் சாயங்காலம் பார்சல் வந்தபோது வாசலில் நின்று வாங்கினதே அவள்தான். "என்னய்யா இது, இம்புட்டு கனமா இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, வண்டிச் சாமான்" என்றான். ஒன்றும் இல்லாததை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே மாடிக்குப் போனான். மருமகள் பெனிட்டா பின்னாலேயே போனாள். கதவு மூடினது. மூடின கதவுக்குள்ளிருந்து அவன் சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று எத்தனை தரம் சொல்லிக்கொண்டாலும் கேட்டது கேட்டதுதான். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

என்ன தெரிய வேண்டாம். கீரை கையில் கறுத்துப்போகிற அளவுக்கு நசுங்கியிருந்தது. உருவியதைச் சட்டியில் போட்டாள், காம்பையும் சேர்த்துப் போட்டாள், பிறகு காம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எடுத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த மழை மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்த நினைப்பே வந்திருக்காது. அப்படி ஒரு மழை, எதிர்வீட்டு மாடி தெரியாத மழை, கரண்டு வேறு போய்விட்டது. மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள், ரூபன் வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, போன் அடித்தால் எடுக்கவில்லை, ஓட்டுகிறபோது எடுக்கக் கூடாதுதான், எடுக்காதவரைக்கும் நல்லதுதான். பிறகு வெளிச்சம் சுவரில் ஏறி வந்தது. வண்டி உள்ளே வந்தது. தினமும் அவன் வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவான், மூக்கு தெருவைப் பார்த்து நிற்கும், காலையில் எடுக்கச் சுலபம் என்று அவனே சொல்லுவான். அன்றைக்கு நேராக விட்டான். மூக்கு போய் உள்சுவரில் இடிக்காத குறை. இறங்கினவன் நனைந்திருந்தான். காருக்குள் வந்தவன் எப்படி நனைவான், எங்கேயோ இறங்கியிருந்தால்தானே நனைவான். "சாப்பிடுதியாய்யா?" "வேண்டாம்மா, பசிக்கல." நேரே குளியலறை. தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது, அதுவும் மழை பெய்கிற நாளில். அப்போது அவள் ஒன்றும் நினைக்கவில்லை. பிள்ளை வந்து சேர்ந்துவிட்டான், ஸ்தோத்திரம் என்று சொல்லி மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போன இடத்தில்தான் செல்லக்கனி அக்கா வாயைத் திறந்தாள். பின்தெருவில் இருக்கிறவள், ஊர்ச் செய்தி அத்தனையும் அவளைத் தாண்டித்தான் போகும். "ஏட்டி, விசயம் தெரியுமா? நம்ம மாவுக்காரர் அருணாசலத்தை அடிச்சிப் போட்டுட்டுப் போயிட்டான். நேத்து மழையில, குளத்துக்கரைத் திருப்பத்துல. சைக்கிளோட தூக்கி எறிஞ்சிட்டு நிக்காமப் போயிட்டான் சண்டாளன். வெள்ளைக் காராம். மாவெல்லாம் கொட்டி ரோடே பால் மாதிரி ஓடிச்சாம். இன்னும் கண்ணு முழிக்கல." சைக்கிளில் பாத்திரம் கட்டி வீடு வீடாக இட்லி மாவு கொண்டுவருகிற மனுஷன், பெண்களைப் பார்த்தால் நிலத்தைப் பார்த்துப் பேசுவார். எல்லாப் பெண்களும் உச்சுக்கொட்டினார்கள். "கிருபா, நீ ஜெபி" என்றார்கள். அவள் ஜெபித்தால் கேட்கப்படும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. முழங்கால் போட்டு அழுது ஜெபித்தாள். மனுஷனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டாள், அவர் பெண்டாட்டிக்கு ஆறுதல் கேட்டாள், அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், ஆண்டவரே, நிக்காமப் போனவனை நீர் விட்டுவிடாதேயும், அவன் எங்கே ஒளிந்தாலும் உம்முடைய கை அவனைத் தொடட்டும் என்றும் கேட்டாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். செல்லக்கனி அக்கா எல்லாருக்கும் மேலே சத்தமாகச் சொன்னாள். அந்த ஆமென் அடங்குவதற்குள், முழங்காலில் இருந்தபடியே, குளத்துக்கரைத் திருப்பம் வழியாகத்தானே இவன் வருவான் என்று கிருபாவதிக்கு நினைவு வந்தது.

அங்கிருந்து வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று தெரியவில்லை. வந்து பார்த்தால் வண்டி நின்றது, ரூபன் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். ஏன் பைக். மழை விட்டுவிட்டது, சேறாக இருக்கும் என்று பைக்கை எடுத்திருப்பான், புது வண்டியில் யாராவது சேறு படவிடுவார்களா. அப்படியானால் சரி. ஆனால் மூக்கு ஏன் சுவரைப் பார்க்கிறது. அவள் முன்பக்கம் போய்ப் பார்க்க நினைத்தாள், போக முடியவில்லை, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் உடம்பு நுழையாது. எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போடுகிறார்கள், பார்க்கிறதைப் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம், தன் வீட்டு வண்டியைத் தான் பார்க்க என்ன கூச்சம். தினமும் விடியற்காலையில் அவள்தான் அந்த வண்டியை முதலில் தொடுகிறவள். சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்த நாளிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை, ஜெப எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு பானட்டில் ஒரு சிலுவை, நாலு கதவிலும் ஒவ்வொரு சிலுவை, போகையிலும் வருகையிலும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே. வெள்ளிக்கிழமை பானட் கைக்கு எட்டவில்லை. பின்னால் டிக்கியில் போட்டுவிட்டு வந்தாள், மனசு நிறையவில்லை. ஆனால் வியாழக்கிழமை போட்டாளே. நன்றாக அழுத்தி, இரண்டு தரம் போட்டாளே. சிலுவை போட்ட வண்டி ஒரு மனுஷனை எப்படி அடிக்கும். அடிக்காது. அடித்திருந்தால் பிறகு இந்த எண்ணெய்க்கு என்ன அர்த்தம், இத்தனை வருஷம் முழங்கால் காய்த்துப்போனதற்கு என்ன அர்த்தம், காத்துக்கொள்ளும் என்று கேட்டது இவனை மட்டும்தானே, எதிரே வருகிறவனையும் சேர்த்துக் கேட்டாளா, கேட்கவில்லையே. அந்த இடத்தில் வந்து நினைப்பு முள்ளில் துணி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. இழுத்தால் கிழியும். அப்படியே விட்டுவிட்டு அடுப்பில் பருப்பை வைத்தாள்.

காப்பி கொண்டுபோகிற சாக்கில் வெளியே வந்தாள். அவன் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தியிருந்தான், சுவருக்கும் மூக்குக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும்படி இடம் விட்டு அதற்குள் குத்தவைத்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். தெருவைப் பார்த்து நிற்கிற பின்பக்கம், ஊர் பார்க்கிற பின்பக்கம், இன்னும் சேறோடு அப்படியே இருக்கிறது. யாருக்கும் தெரியாத முன்பக்கத்தைத்தான் முதலில் தேய்க்கிறான். "காப்பி" என்றாள். திடுக்கிட்டு எழுந்தான், தலை சுவரில் இடித்தது. "ஏம்மா பூனை மாதிரி வாரே? அங்கனயே நில்லு, வழுக்கும்." வழுக்கும் என்று சொன்னானா, வராதே என்று சொன்னானா. தலையைத் தடவிக்கொண்டே வந்து காப்பியை வாங்கினான், வாங்கும்போது பானட்டுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான். சின்ன வயசில் தட்டை உடைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் உடைந்த துண்டை மறைத்துக்கொண்டு நிற்பான், அதே நிற்கிற தினுசுதான், தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும். "நானும் ஒரு கை தேச்சித் தாரேன்யா, அழுக்கு விடமாட்டேங்குதோ?" என்று சொல்லி, இடுப்பில் செருகி வந்த கம்பி நாரை எடுத்தாள். அவன் காப்பியைத் துப்பாத குறையாகச் சிரித்தான். "யம்மா, கம்பி நாரா! இது என்ன கருகின சட்டியா? ஏ பெனிட்டா, இங்கன வந்து பாரு, ஒன் அத்தை நம்ம வண்டியைப் பாத்திரம் மாதிரி தேய்க்க வந்துட்டா." மாடியிலிருந்து பெனிட்டா எட்டிப் பார்த்து, "விடுங்க அத்தை, அவங்க என்னைக்கூடத் தொட விடல. நேத்துல இருந்து வண்டிக்கும் அவங்களுக்கும்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்றாள். சிரிக்கிறார்கள். இவர்களால் சிரிக்க முடிகிறது. ஒரு மனுஷனைச் சாய்த்துவிட்டு வந்தவனால் இப்படிச் சிரிக்க முடியுமா. முடியாது. ஆனால் சிரித்துவிட்டு அவன் முகம் சட்டென்று இறங்கினதே, காப்பியைக் குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லையே. டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீ உள்ள போம்மா, வெயிலு" என்றான். வெயில் இன்னும் முற்றத்துக்கே வரவில்லை.

போகவில்லை. துணி மடிக்கிற சாக்கில் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள். அவன் களிமண் கட்டியைப் பிசைந்து தட்டையாக்கி பானட்டில் இழுத்து இழுத்துத் தேய்த்தான், அது ஒரு சத்தம், சர் சர்ரென்று, மண்வெட்டியைக் கல்லில் இழுக்கிற சத்தத்தைத் தூரத்தில் கேட்டால் எப்படியோ அப்படி. தேய்த்துவிட்டுக் கட்டியைத் திருப்பிப் பார்ப்பான், மடிப்பான், திரும்பவும் தேய்ப்பான். விரலில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார்ப்பான். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பான், போனில் டார்ச் அடித்துப் பார்ப்பான். பகலில் டார்ச் அடித்து ஒருத்தன் எதைத் தேடுவான். எய்யா, இங்கே வா, அம்மா மடியில் தலை வை, நடந்ததைச் சொல்லு. இந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வருகிறது. சொல்லிவிட்டால் என்ன செய்வது. போலீசுக்குப் போ என்பாளா. போ என்றுதான் சொல்ல வேண்டும், எத்தனை பெண்களுக்கு அவள் சொல்லியிருக்கிறாள், உண்மையைச் சொன்னால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று. பெனிட்டா இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள், ஊருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. தெருவில் பந்து தரையில் குத்துகிற சத்தம் கேட்டது, அதற்கு மேலாகக் கேட்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஏ கிருபா, என்ன காலங்காத்தால கோட்டைக் கதவைச் சாத்தியிருக்கீய?" செல்லக்கனி அக்கா. அவள் எழுந்து ஓடினாள். கொண்டியை எடுக்கவில்லை, கம்பி இடைவெளியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா?" "மாவுக்காரரைப் பாக்கப் போறோம், நாலஞ்சு பேரு. ஒம் மவன் காருல கூட்டிட்டுப் போவானான்னு கேட்டுட்டு வரலாம்னு பாத்தேன். வண்டி நிக்கிற மாதிரி இருக்கே?" முதுகுக்குப் பின்னால் சர் சர்ரென்ற சத்தம் நின்றுவிட்டது. அவன் கேட்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். "அவன் வீட்டுல இல்லக்கா. பைக்குல போயிருக்கான்" என்றாள் கிருபாவதி. வாய் தானாகச் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை, பால் பொங்கும்போது கை தானாகப் போய்ச் சட்டியை இறக்குமே, அப்படி. செல்லக்கனி அக்கா கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்த்தாள், குழாயிலிருந்து தண்ணீர் வழிந்து கேட்டுக்கு அடியில் வந்துகொண்டிருந்தது, அதையும் பார்த்தாள். "சரி, வந்தா சொல்லு" என்று போய்விட்டாள். திரும்பினால் ரூபன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏம்மா இல்லைன்னு சொன்ன?" "நீ வேலையா இருக்கியேன்னு சொன்னேன்." "நல்லதாப் போச்சி" என்றான் மெதுவாக. நல்லதாகப் போச்சு. அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

இப்போது அவளுக்குள் பதில் சொல்கிறவள் இல்லை. எங்கேயோ போய்விட்டாள். படியில் வந்து உட்கார்ந்ததும் ஜெபிக்கப் பார்த்தாள், நேற்றுச் சொன்ன ஜெபம்தான் வந்து நாக்கில் நின்றது, விட்டுவிடாதேயும், விட்டுவிடாதேயும். அதைத் திரும்ப வாங்க முடியுமா. ஆண்டவரே, நான் யாரென்று தெரியாமல் கேட்டுவிட்டேன். தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன் என்றால், வேறு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கேட்கலாமா. ரூபன் ஒரு பாட்டிலை எடுத்து, சக்கரத்திலும் அதற்கு மேலே இடது பக்க ஓரத்திலும் புஸ் புஸ்ஸென்று அடித்தான். அழுகின முட்டை வாடை குப்பென்று வந்தது. அவன் இரண்டடி தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். அப்போது வெள்ளையில் ஒரு புள்ளி சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் பெருத்து, வழிந்து, கோடு கோடாக இறங்கின, சக்கரத்திலிருந்து கருஞ்சிவப்பாகக் கொட்டியது, நாவல்பழத்தை நசுக்கின மாதிரி, இல்லை, அவளுக்கு நாவல்பழம் தோன்றவில்லை, தோன்றினது ஒன்றுதான். கழுவினாலும் போகாமல் உள்ளே ஊறிக்கிடந்தது இப்போது வெளியே வருகிறது. அவள் எழுந்ததும் தெரியாது, வாளியைத் தூக்கினதும் தெரியாது. சக்கரத்தின் மேல் வீசி ஊற்றினாள். அடுத்த வாளியையும் எடுத்து ஊற்றினாள். தரையில் சிவப்பாக ஓடினதை வெறும் காலால் சாக்கடைப் பக்கம் தள்ளினாள், சேலை முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது, தெருப் பக்கம் ஓடாமல் பாதத்தை அணை மாதிரி குறுக்கே வைத்தாள். "யம்மா! யம்மா, என்ன செய்யுத? அது ஊறணும்மா, இப்பதான அடிச்சேன்!" ரூபன் அவள் கையைப் பிடித்தான். "கால்ல பட்டா எரியப்போவுது, தள்ளு. அது மருந்தும்மா. பிரேக்குல இருந்து பறக்குத இரும்புத்தூளு வண்டியில ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதுல பட்டா இந்த மருந்து செவப்பா மாறும். எல்லா வண்டியிலயும் இப்படித்தான் வரும். வீடியோல பாத்தேன்." இரும்புத்தூள் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவனுக்கு இடது கண் துடிக்கும். துடிக்கவில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு அது மாறிப்போயிருக்கலாம்.

"அப்ப முன்னால என்னத்தைத் தேய்க்குத?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, திரும்பவும் கேட்டாள். அவன் உறையைக் கழற்றினான். கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தான், மாடியைப் பார்த்தான். பிறகு, "நீ மனசு வருத்தப்படக் கூடாது, என்னம்மா?" என்று சொல்லி அவளைக் கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனான், அவன் போகக் கூடாது என்று சொன்ன அதே சந்துக்குள். போனில் டார்ச்சைப் போட்டு பானட்டின் மேல் சாய்த்துக் காட்டினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருந்தது. வெளிச்சத்தை நகர்த்தினபோது தெரிந்தது. மெல்லிசான கீறல்கள், நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, அதன் மேலேயே இன்னொன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, சிலுவை மேல் சிலுவையாக. "தூசி மேல எண்ணெயைத் தொட்டு அழுத்தித் தேய்ச்சா மணல் மாதிரி கீறிரும்மா. வெயில்ல எண்ணெய் காஞ்சி மஞ்சளாப் படிஞ்சிருக்கு. வியாழக்கிழம பெட்ரோல் பங்குல லைட்டு வெளிச்சத்துலதான் பாத்தேன். மழையில எறங்கி நின்னு விரலால தடவித் தடவிப் பாத்தேன், நம்பவே முடியல. ஒன்கிட்ட சொன்னா நீ அழுவ. சிலுவையை அழிக்கப் போறேன்னு எப்படிச் சொல்லுதது? அதான் நீ திரும்பப் போடாம இருக்க மூக்கைச் சுவத்துப் பக்கம் விட்டேன்." மூக்கு சுவரைப் பார்த்ததற்கு இதுதான். நனைந்ததற்கு இது. தெரிய வேண்டாம் என்றதற்கு இது. நல்லதாகப் போச்சு என்றானே என்று அவள் கேட்கவில்லை, அவனே சொன்னான், "மெழுகு போடாம வண்டியை எடுத்தா தேய்ச்சதெல்லாம் வீண், அதான் அக்கா வந்தப்ப பயந்துட்டேன்." எல்லாம் ஒன்றோடொன்று போய்ச் சரியாகப் பொருந்தியது, குறை வைக்காமல் பொருந்தியது. பெருமூச்சு வர வேண்டும். வந்தது, பாதியில் நின்றது. இவ்வளவு சரியாகப் பொருந்துகிறதே என்றாள் கேட்கிறவள். அவள் போகவில்லை. இரண்டு நாள் சோறு போட்டு வளர்த்தாயே, நான் எங்கே போவேன் என்கிற மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கீறல் இருந்தது சரி, வந்த வழியில் குளத்துக்கரைத் திருப்பம் இருந்ததும் சரிதானே. கேட்காமல் விட்டால் இனி இவன் வண்டியில் ஏறும்போதெல்லாம் இந்தக் கேட்கிறவளும் கூட ஏறி உட்காருவாள். பிறக்கப்போகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதும் உட்காருவாள்.

"ரூபன்" என்றாள். "அந்த மாவுக்காரரை அடிச்சது நீ இல்லையேய்யா?" அவனுக்கு முதலில் புரியவில்லை. "எந்த மாவுக்காரரு?" என்று கேட்டு, கேட்கும்போதே புரிந்து, வாய் அப்படியே நின்றது. சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்க ஆரம்பித்தான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். "இல்லம்மா" என்றான். ஒரே வார்த்தை. சத்தியம் பண்ணவில்லை, கோபப்படவில்லை. அவள் நம்பினாள். காலிலிருந்து தலைக்கு ஏறுகிற மாதிரி நம்பிக்கை ஏறியது, கேட்கிறவள் இருந்த மூலை காலியாகிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பிடிக்கவில்லை. கையில் இருந்த ஊதாத் துணியை நாலாக மடித்தான், பிரித்தான். "இதை மனசுல வச்சிக்கிட்டுதான் நேத்து எனக்குத் தோசை சுட்டுப் போட்டியா? இன்னொண்ணு வச்சிக்கோ, இன்னொண்ணு வச்சிக்கோன்னு சொன்னியேம்மா." சாக்கடை வாயில் கடைசிச் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது, அவன் அதைப் பார்த்தான், அவள் நனைந்த சேலையைப் பார்த்தான், சிவப்புப் பட்டுத் திட்டுத் திட்டாக இருந்த அவள் பாதத்தைப் பார்த்தான். அவள் எதை நினைத்துத் தண்ணீரை ஊற்றினாள் என்பது அவன் கண்ணில் மெதுவாக வந்து உட்காருவதை அவள் கண்டாள். "யம்மா, நான்தான்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?" காலையிலேயே ஒரு பொய் சொல்லியாயிற்று. இன்னொன்றுக்கு அவளிடம் தெம்பு இல்லை. "கழுவியிருப்பேன்யா" என்றாள். அவன் உறையை மாட்டிக்கொண்டு சக்கரத்துப் பக்கம் போய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான், மருந்தைத் திரும்ப அடித்தான். வெள்ளையில் சிவப்பு திரும்பவும் அரும்பியது, இந்தத் தடவை அவள் அசையாமல் பார்த்தாள். ஸ்தோத்திரம் என்று வாயெடுத்தாள். என் பிள்ளை இல்லை, ஸ்தோத்திரம், என் பிள்ளை இல்லை. அப்படியானால் அது யார் பிள்ளையோ. இந்த ஊரில்தானே, நாலு தெரு தள்ளியோ, பாலத்துக்கு அந்தப் பக்கமோ, இன்னொரு வெள்ளை வண்டி நிற்கும். அதன் பக்கத்தில் ஒருத்தி நிற்பாள், அவன் இன்னும் சாப்பிடவில்லையே என்று யோசித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல். நேற்று இவள் ஆண்டவர் கையில் பிடித்துக் கொடுத்தது அவள் பிள்ளையை. மாவுக்காரர் பெண்டாட்டிக்காக நிமிஷத்தில் ஜெபம் வந்துவிட்டது. வண்டிப் பக்கத்தில் நிற்கிற அவளுக்காக என்ன கேட்பது என்று கிருபாவதிக்குத் தெரியவில்லை.